கையடக்கம்

போன வாரம் மூத்த மருமகளின் கையில் ஒரு பரிசுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கதையை நிறுத்தியிருந்தேன். உள்ளே மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். கூட்டைத் திறந்தால் மேலே ஸ்கிரீன், கீழே கீபோர்டு. "மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று சொல்லிக் கொடுத்தவர் அவளுடைய வீட்டுக்காரர், எலெக்ட்ரானிக்ஸ் கடை மேனேஜர். அவளும் சிரித்த முகத்தோடுதான் வாங்கிக்கொண்டாள்.

படித்துவிட்டுச் சிலர் உருகிப்போய் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் பெண்டாட்டிக்குப் பரிசு வாங்கித் தருகிற புருஷன் எந்தக் கடையில் கிடைப்பான் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இந்த வாரத்தையும் படித்துவிட்டு அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள் தாயே.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூத்த மருமகள் கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போடுகிறவள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய், எங்கே வளைவு, எங்கே சரிவு, அழுக்குத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதெல்லாம் அவள் போடுகிற கோடுதான். வீட்டில் அவளுக்குப் பைப்பம்மா என்று பட்டம் கட்டியவன் கொழுந்தன். வீட்டுக்குச் சின்னவன். வேலைக்குப் போன இடமெல்லாம் சண்டை போட்டுத் திரும்பிவிட்டு, இப்போது இன்டர்நெட்டில் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். எதுவும் இல்லாதவனிடம் தன்னம்பிக்கையாவது இருக்கட்டுமே என்று மாமியாரும் விட்டுவிட்டாள்.

வீட்டுக் கடைசியில் ஒரு சின்ன அறை. அதற்குள் கதவு அகலத்துக்கு ஒரு மேஜை, மேஜைமேல் பெரிய ஸ்கிரீன். அந்த அறைதான் பைப்பம்மாவின் ஆபீஸ்.

ஆபீஸாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று காலையில் அவள் ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். டாக்டர் திடீரென்று நாற்காலிகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டாராம். பல் பிடுங்குகிற நாற்காலி ஒவ்வொன்றுக்கும் தரைக்கு அடியில் தனிக் குழாய் உண்டு. நாற்காலி நகர்ந்தால் குழாயும் நகர வேண்டும். மத்தியானத்துக்குள் திருத்தின படம் வந்தால்தான் தரைக்குக் கான்கிரீட் போட முடியும் என்று கட்டட வேலையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரம்மா சொல்லியிருந்தார். அளவைக் குறித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

பால்கனியில் அவளுடைய மேஜை தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. மேலே நீட்டியிருந்த கால்களில் மாமியார் துண்டுகளைக் காயப்போட்டிருந்தாள்.

"அத்தை, இது ஏன் இங்க இருக்கு?"

"துணி காயப்போடத் தோதா இருக்குன்னுதான். ஏம்மா, உன் படம் ஏதாவது அதுல ஒட்டி இருக்கா?"

"மேஜை ஏன் வெளிய வந்துச்சுன்னு கேக்குறேன்."

"இனிமே உனக்கு எதுக்கு அவ்ளோ பெரிய மேஜை? அதான் கைக்கு அடக்கமா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டானே. சமையக்கட்டுல வெச்சு வேலை பாக்கலாம், படுத்துக்கிட்டே பாக்கலாம். நம்ம காலத்துல இதெல்லாம் ஏது?"

அவள் அறைப்பக்கம் போனாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளேயிருந்து சின்னவனின் குரல் கேட்டது. "உங்கள் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்" என்று யாருக்கோ உபதேசம் செய்துகொண்டிருந்தான்.

தட்டினாள். குரல் நின்றது. கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"அண்ணி, ப்ளீஸ். லைவ் போயிட்டிருக்கு."

"என் மெஷின் வேணும். அவசரமா ஒரு படம் அனுப்பணும்."

"அதுலதான் அண்ணி கிளாஸே போகுது. கேமரா, மைக் எல்லாம் மாட்டியாச்சு. இப்ப கழட்டுனா மானம் போயிடும். உங்களுக்குத்தான் அண்ணன் புதுசு வாங்கிக் குடுத்தாரே."

கதவு மூடிக்கொண்டது. "முதல் நாள் அதுவுமா வாசல்ல நின்னு சத்தம் போடாதம்மா" என்று பின்னாலிருந்து மாமியாரின் குரல்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. போன வாரம் கொடுத்தது பரிசு இல்லை, அறையைக் காலி செய்வதற்கான நோட்டீஸ். ரிப்பன் கட்டிக் கொடுத்ததால் அவளுக்குத் தெரியவில்லை. அதை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பெட்டிமேல் 'கையடக்கக் கணினி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. நம் பாஷையில் அடக்கத்துக்குத்தான் எத்தனை வேலை. சாமான் சின்னதாக இருந்தால் அடக்கம். பெண்பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தால் அடக்கம். ஆள் போய்ச் சேர்ந்தாலும் அடக்கம். இந்த வீட்டில் முதல் அடக்கத்தைக் கொடுத்து இரண்டாவதை வாங்கப் பார்த்தார்கள். மூன்றாவது தானாக வந்துவிடும்.

கத்திச் சண்டை போட நேரம் இல்லை. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டுக் கூட்டைத் திறந்தாள். இத்தனை நாளாக அதில் அவள் செய்த ஒரே வேலை, திறந்து பார்த்து மூடியதுதான்.

அவளுடைய படங்கள் எல்லாம் இன்டர்நெட்டில் இருந்ததால் திறப்பதில் சிரமம் இல்லை. பார்ப்பதில்தான் சிரமம். பெரிய ஸ்கிரீனில் ஒரே பார்வையில் தெரிகிற கட்டடம் இதில் முழுதாகத் தெரிந்தால் எண் தெரியவில்லை, எண் தெரிந்தால் கட்டடம் தெரியவில்லை. விரல் ஒரு பட்டனைத் தொட்டால் பக்கத்துப் பட்டனும் கூடவே வந்தது. கொஞ்ச நேரத்தில் மெஷினின் அடிப்பக்கம் சுடத் தொடங்கி, உள்ளே சின்ன விசிறி ஒன்று கொசு மாதிரி கத்தியது. பக்கத்தில் மாமியார் பாத்திரங்களை அடுக்கினாள். அறைக்குள்ளிருந்து "முடியும் என்று சொல்லுங்கள்" என்று சின்னவன் கத்தினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாக நகர்த்தி, ஒவ்வொரு எண்ணாக அடித்து, கண்ணில் தண்ணீர் வழிய முடித்தாள். சொன்ன நேரத்துக்குள் அனுப்பியும்விட்டாள்.

கை கழுவி ஒரு வாய் சாப்பிடுவதற்குள் இன்ஜினியரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உடனே கிளம்பி வா."

"என்னாச்சு மேடம்?"

"போன்ல சொன்னா எனக்கு வாயில வேற வார்த்தை வரும். நேர்ல வா."

இன்ஜினியரம்மா பொல்லாதவர் இல்லை. வேலையில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். கட்டட வாசலில் கான்கிரீட் கலக்கிற மெஷின் ஓடாமல் நின்றது. வேலைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மரப்பலகைமேல் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார்.

"படி" என்றார்.

அவள் குனிந்து படித்தாள். இரண்டாவது நாற்காலிக்கு வந்ததும் முதல் நாற்காலியின் எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

இந்தத் தொழிலில் தரைமட்டம் என்றால் சைபர். தரைக்குக் கீழே போகிற குழாய்க்கெல்லாம் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் இருக்கும். அந்தக் குட்டிக் கோடுதான் கீழே, மேலே என்று சொல்கிற கோடு. முதல் நாற்காலிக்கு மைனஸ் இருந்தது. அடுத்ததற்கு இல்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. எல்லாத் தண்ணீரும் போய்ச் சேருகிற கடைசித் தொட்டிக்கு இருந்தது.

"அதாவது பேஷன்ட் துப்புற தண்ணி, தரைக்குக் கீழ கிளம்பி, பாதி வழியில முழங்கால் உயரத்துக்கு மேல வந்து, எல்லாரையும் நலம் விசாரிச்சுட்டு, மறுபடி கீழ இறங்கிப் போகும். அப்படித்தானே போட்டிருக்க?"

"மேடம், வீட்ல இன்னைக்கு..."

"உன் வீட்டுக் கதை எனக்கு வேணாம்மா. நான் பாக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? தரையை முழுசா உடைக்கணும். இத்தனை வருஷத்துல உன் படத்துல ஒரு புள்ளி தப்பு பாத்ததில்ல. இது நீ போட்ட படமா, வேற யாராவது போட்டதா?"

"நான்தான் போட்டேன்."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள சரியா போட்டு அனுப்பு. வந்தா இந்தக் கட்டடத்தோட மாடிப் படமும் உனக்கு. வரலைன்னா நான் வேற ஆள் பாத்துக்குறேன். எனக்கும் மேல பதில் சொல்ல ஆள் இருக்காங்க."

அவள் வெளியே வந்தாள். அவள் போட்ட படத்தைப் பார்த்து, நீ போட்டதுதானா என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இதுதான் உள்ளே குத்தியது.

கைப்பையில் அந்தக் கூடு இருந்தது. அதைத் திறந்து அந்த மைனஸ் எங்கே போனது என்று பார்த்தாள். பட்டன் ஒன்றின் ஓரத்தில் நீல நிறத்தில் எறும்பு அளவுக்கு ஒரு கோடு. இன்னொரு பட்டனை அமுக்கிக்கொண்டே அதைத் தட்டினால்தான் விழும். அவசரத்தில் சில இடத்தில் அமுங்கியிருக்கிறது, சில இடத்தில் இல்லை. விழாதது அந்தச் சின்ன ஸ்கிரீனில் தெரியவும் இல்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார இடம் இல்லை. நேராகப் புருஷனின் கடைக்குப் போனாள். இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பாவம் தெரியாமல் வாங்கிவிட்டார், இந்த வேலைக்கு ஆகாது என்று சொன்னால் புரிந்துகொள்வார். வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். அதுவரைக்கும் அவளுக்கு மாமியார்மேலும் சின்னவன்மேலும்தான் கோபம்.

கடைக்குள் நுழைந்தபோது மேனேஜர் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற பெண் போலிருக்கிறது, தோளில் கனத்த பை. அந்தப் பெண்ணின் கையில் இருந்தது அதே கூடு. அதே நிறம். மூத்த மருமகள் டி.வி. வரிசைக்கு இந்தப் பக்கமாக நின்றாள். ஒளிந்து கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. பேச்சு முடியட்டும் என்றுதான் நின்றாள்.

"இதுல ஒண்ணு எடுத்துக்கலாம்னு இருக்கேன் சார். நல்லா இருக்குமா?"

"எதுக்குன்னு சொல்லுங்க மேடம். அதைப் பொறுத்துதான்."

"கணக்கு எழுத. வீட்டுல பழைய மெஷின் ஒண்ணு இருக்கு, பெருசா இடத்தை அடைச்சுக்கிட்டு. அதைத் தூக்கிப் போட்டுட்டு இதையே வெச்சுக்கலாம்னு."

மேனேஜர் அந்தக் கூட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். "அப்படின்னா வேணாம் மேடம்" என்றார்.

"ஏன் சார், நல்லா இல்லையா?"

"நல்ல மெஷின்தான். பஸ்ல போகும்போது நாலு வரி தட்டணும், வெளியூர்ல இருந்துக்கிட்டே ஆபீஸ் மெஷினை எட்டிப் பாக்கணும், செல்போன் டவர் மேல ஏறி நின்னு செக் பண்ணணும், படுத்துக்கிட்டு கேம் ஆடணும்னா தாராளமா வாங்கலாம். கடுகு மாதிரி, காரம் குறையாது. ஆனா நீங்க நாள் பூரா உக்காந்து நம்பர் போடுறவங்க. கண்ணு போயிடும், கழுத்து போயிடும்."

"எங்க வேணா தூக்கிட்டுப் போலாமே."

"தூக்கிட்டுப் போலாம். போன இடத்துல வேலை பாக்கணுமே. இதுல மைனஸ் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

அந்தப் பெண் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேடினாள். மேனேஜர் விரலால் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்த ஓரத்து பட்டனை அமுக்கிக்கிட்டே இதைத் தட்டணும். அவசரத்துல விட்டுப்போகும். விட்டுப்போனது இந்த ஸ்கிரீன்ல தெரியாது. உங்க வரவும் செலவும் தலைகீழாயிடும், திட்டு உங்களுக்கு விழும்."

டி.வி. வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் கைப்பைக்குள் இருந்த கூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

மேனேஜர் இன்னும் பேசினார். "நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான் மேடம். இதை ரெண்டாவது மெஷினா வாங்குங்க, முதல் மெஷினா வாங்காதீங்க. வீட்ல பெருசா ஒண்ணு இருந்து, அதுக்குன்னு ஒரு மேஜையும் இருந்தா, அதுக்கு ஒரு தம்பி மாதிரி இதை வெச்சுக்கலாம். தம்பி வந்துட்டான்னு அண்ணனைத் தெருவுல நிறுத்தினா அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நன்றாகப் பேசுகிறார், யாருக்கும் சிரிப்பு வரும். நல்ல விற்பனையாளர் என்று ஊரில் சும்மாவா பெயர் வாங்கினார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இந்த மனிதர் விஷயத்தில் ஊருக்குத்தான் உண்மை.

மூத்த மருமகள் வரிசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். கைப்பையிலிருந்து கூட்டை எடுத்து, அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கும் ஒரு சந்தேகம் சார். நானும் நாள் பூரா உக்காந்து மைனஸ் போடுறவதான். எனக்கு இது ஆகுமா?"

மேனேஜரின் முகத்தில் அந்த வியாபாரச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவளைக் கையைப் பிடிக்காத குறையாக வாஷிங் மெஷின்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்க ஏன் வந்த? உள்ள ரூம் இருக்கு, அங்க போய்ப் பேசலாம்."

"ரூம் பேச்சை எடுக்காதீங்க."

"மெதுவாப் பேசு. ஆள் இருக்காங்க."

"மெதுவாத்தான் பேசுறேன். மைனஸ் விட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியும். கண்ணு போயிடும்னு தெரியும். தெரிஞ்சேதான் வாங்கிக் குடுத்தீங்க."

"அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தம்பிக்கும் ஒரு வழி பொறக்கணும் இல்லையா? அவனுக்கு ஒரு ரூம் இல்லைன்னா கிளாஸ் எடுக்க முடியாதாம். உன்கிட்ட நேரா கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவ."

"ஆமா. சொல்லியிருப்பேன். அதுக்காகத்தான் கேக்கவே இல்ல."

"இப்ப என்ன ஆயிடுச்சு? அனுசரிச்சுப் போனா எல்லாருக்கும் நல்லதுதானே."

"என்ன ஆயிடுச்சா? பல் ஆஸ்பத்திரியில எச்சில் தண்ணி மேல ஏறுற மாதிரி படம் போட்டு அனுப்பியிருக்கேன். வாசல்ல அத்தனை பேர் வேலை இல்லாம உக்காந்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள திருத்திக் குடுக்கலைன்னா இனிமே எனக்கு அங்க வேலை கிடையாது. இது நீ போட்ட படமான்னு கேட்டுட்டாங்க."

மேனேஜர் உதட்டைக் கடித்தார். அவருக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் மற்றவர் படுகிற கஷ்டத்தைப் பார்த்துக் கஷ்டப்படுவதில் யாருக்கு என்ன லாபம்?

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றாள் அவள். "யாரோ ஒருத்தி, பேர்கூடத் தெரியாது. அவளுக்கு வேணாம்னு சொல்லத் தெரிஞ்சுது. எனக்கு ஏன் சொல்லல?"

"அது வேற. கஸ்டமர்னா, பிடிக்கலைன்னா திருப்பிக் கொண்டு வந்துடுவாங்க. கடைக்குக் கெட்ட பேரு. நீ அப்படியா? எதைக் குடுத்தாலும் எப்படியாவது சமாளிச்சுக்குவ."

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். என் மனைவி கெட்டிக்காரி என்கிற பெருமைகூட அந்தக் குரலில் இருந்தது.

அவளுக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமாகச் சமாளித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. வேலைக்கு நடுவே எழுந்து எழுந்து கதவு திறந்தது, சின்னவன் வேலையை விட்டு வந்த ஒவ்வொரு முறையும் 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று கேட்டுக்கொண்டது, பைப்பம்மா என்று கூப்பிட்டால் சிரித்தது. கடைத்தெருவில் கொசுறாக வாங்குகிற கிள்ளுக்கீரைக்குக்கூட யாரும் இவ்வளவு மரியாதைக் குறைவு செய்ய மாட்டார்கள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது பழமொழி. இங்கே மடத்தைப் பிடுங்கிவிட்டு, மடம் மாதிரியே ஒரு பொம்மையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"சரி, திருப்பிக் கொண்டு வந்துட்டேன். எடுத்துக்குங்க."

கூட்டை ஒரு வாஷிங் மெஷின்மேல் வைத்தாள். திரும்பிக் கடையை ஒரு பார்வை பார்த்தாள். நடுக்கூடத்தில் காட்சிக்கு வைத்திருந்த பெரிய மேஜை, அதன்மேல் கடையிலேயே பெரிய ஸ்கிரீன். அதில் ஓயாமல் வண்ண மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவள் போய் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மீன்களை மூடினாள்.

"ஏய், அது டிஸ்ப்ளே பீஸ்."

"தெரியும். நல்லா டிஸ்ப்ளே ஆகுது."

படத்தைத் திறந்தாள். மொத்தக் கட்டடமும் ஒரே வீச்சில் கண் முன்னால் விரிந்தது. எங்கெங்கே மைனஸ் இல்லையோ அங்கெல்லாம் பல்லில்லாத வாய் மாதிரி உடனே தெரிந்தது. அவள் கை வேகமெடுத்தது. நாற்காலி, வளைவு, சரிவு, மைனஸ். நாற்காலி, வளைவு, சரிவு, மைனஸ்.

நாலு பேர் சுற்றி வந்து நின்றார்கள். கடையில் ஏதோ செயல்விளக்கம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பையோடு நின்ற கணக்குக்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல மைனஸ் நல்லாத் தெரியுதே, இது என்ன மாடல்?" என்று கேட்டாள். மேனேஜர் மாடலைச் சொன்னார். வேறு என்ன செய்வார்? பெண்டாட்டி நடுக்கடையில் உட்கார்ந்து கோபத்தில் குழாய் வரைகிறாள் என்றா சொல்ல முடியும்?

நடுவில் அவளுடைய போன் அடித்தது. சின்னவன்.

"அண்ணி, சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள உங்க மெஷின் லாக் ஆயிடுச்சு. அடுத்த கிளாஸ் ஆரம்பிக்கணும். பாஸ்வேர்டு என்ன?"

"எதைப் பத்திக் கிளாஸ்?"

"தடைகளைத் தாண்டுவது எப்படின்னு."

"அப்ப தாண்டு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த நிமிஷமே மேனேஜரின் போன் அடித்தது. அம்மா என்று எழுத்து மின்னியது. அவர் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

வெளியே விளக்குப் போடுகிற நேரத்தில் அவள் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து இரண்டாம் முறை படித்துவிட்டுப் படத்தை அனுப்பினாள். இன்ஜினியரம்மா தானே கூப்பிட்டார்.

"வந்துச்சு. பாத்துட்டேன். இதுதான் உன் படம். மத்தியானம் வந்தது யாரோ போட்டது, பாவம்."

"நன்றி மேடம்."

"நன்றி இருக்கட்டும். நாளைக்கே மாடிப் படத்தை ஆரம்பிக்கணும். உனக்கு உக்காந்து வேலை பாக்க இடம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லு."

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் அந்தச் சின்னக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

"இருக்கு மேடம்" என்றாள்.

கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. மேனேஜர் பக்கத்தில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அதான் முடிஞ்சுதுல்ல. எழுந்திரு. வீட்ல போய் நிதானமாப் பேசிக்கலாம்."

"பேசலாம். முதல்ல என் மேஜை என் ரூமுக்குள்ள போகட்டும்."

"தம்பிகிட்ட நான் எப்படிச் சொல்றது? அம்மா என்ன நினைப்பாங்க?"

"கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க. உங்களுக்குத்தான் அழகா வருதே."

"ஒரே நாள்ல நடக்குற காரியமா அது? கொஞ்சம் டைம் குடு."

"எடுத்துக்குங்க. அதுவரைக்கும் இதுதான் என் ஆபீஸ்."

"விளையாடாத. நாளைக்கு முதலாளி வர்றாரு. இந்தக் கூத்தைப் பாத்தாருன்னா என் வேலைக்கே உலை வெச்சுடுவாரு."

"என் வேலைக்கு நீங்க வெச்சீங்க. நான் இன்னைக்கு ஒரு நாள்ல சமாளிச்சேன். நீங்களும் எப்படியாவது சமாளிச்சுக்குவீங்க."

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளினாள். அளவெடுக்கிற டேப்பை மட்டும் எடுக்காமல், நாளைக்கு வருகிறவள் வைத்துவிட்டுப் போகிற மாதிரி அந்த மேஜைமேலேயே வைத்தாள்.

"கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

மேனேஜர் வாயைத் திறந்தார். ஆயிரம் பேர் கேட்டு, ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில் பழக்க தோஷத்தில் தானாக வந்து விழுந்தது.

"பத்து மணிக்கு, மேடம்."